பெட்டி இருக்கு

குளியலறைக் கதவைத் திறந்த கையோடு அப்பா உள்ளே போய்விட மாட்டார். நிலைப்படியில் நின்று, குனிந்து, தரையை ஒரு தடவை பார்ப்பார். "பெட்டி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கால் உள்ளே போகும். வாளி நிரம்பி வழிந்தாலும் சரி, காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் சரி, அந்த ஒரு நொடியில் மாற்றமில்லை. வயிற்றைப் பிடித்த கை பிடித்தபடி இருக்கும். பெட்டி இருப்பது உறுதியான பிறகு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விடுவார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். லிப்ட் கதவு சில நாள் பொய் சொல்லும். திறந்து வழிவிடும், ஆனால் உள்ளே ஆள் ஏறும் பெட்டி வந்து நின்றிருக்காது. பேச்சு சுவாரசியத்தில் காலை வைக்கிறவர் நேரே கீழே போய்விடுவார். அப்பாவோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ஒருவர் அப்படித்தான் போனார். இதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லித் தெரியும். எங்களுக்கு அவர் கொடுத்தது விதி மட்டும்தான். எந்தக் கதவானாலும் நில். கீழே பார். பெட்டி இருக்கிறதா என்று வாயைத் திறந்து சொல். பிறகு காலை வை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா, அப்பா என்ற இரண்டு வார்த்தைக்கு அடுத்தபடியாகப் பேசக் கற்றுக்கொள்வது பெட்டி.

நகரத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தவரை இந்த வழக்கத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் எங்களையே கண்டுகொண்டதில்லை. அம்மா நர்ஸ். வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு அவளுக்கு மாற்றல் வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அப்பா கம்பெனியில் நீண்ட விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய அன்று அவர் நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மாடிக் கட்டடம்கூட இல்லை. தண்ணீர் இல்லாத ஊரில் இறக்கிவிட்ட மீன்காரர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நான். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கிறேனாம், அதனால் அப்பா எனக்கு வைத்த பெயர் மேனேஜர். ஒன்பதாம் வகுப்புக்கு நடுவில் வீடு மாறியதால் பள்ளிக்கூடமும் நானும் இப்போதைக்குப் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அடுத்தவன் தம்பி. எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு தலைமுறை இடைவெளி. என்னை வளர்த்துப் பார்த்த பிறகு அடுத்த பிள்ளைக்குத் தைரியம் வர ஒன்பது வருஷம் ஆனதாக அம்மா சொல்வாள். அவன் பெயர் வக்கீல். ஏன் என்று கேட்காமல் அவன் பல் துலக்கியதில்லை. கடைசி சுண்டெலி. இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. கையில் கிடைப்பதை எல்லாம் கடித்துப் பார்ப்பாள். செருப்பு, சாவி, வக்கீல்.

வக்கீல் இங்கே பள்ளிக்கூடம் போன முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்குள் ஓட, இவன் மட்டும் வாசலில் நின்று, குனிந்து பார்த்து, பெட்டி இருக்கு என்று அறிவித்துவிட்டு நிதானமாகக் காலை வைத்தான். ஒரு வாரத்துக்குள் ஒன்றாம் வகுப்பு முழுக்க வாசலில் வரிசையாக நின்று, குனிந்து, பெட்டி இருக்கு, பெட்டி இருக்கு என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனது. டீச்சர் வகுப்பைத் தலைகீழாகப் புரட்டித் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு பெட்டியும் அகப்படவில்லை. கடைசியில் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து, லிப்ட் பள்ளத்தின் அமைப்பை விளக்கி, தாளில் படம்கூட வரைந்து காட்டினார். டீச்சர் எழுந்து போகும்போது எங்கள் வாசற்படியில் ஒரு நொடி நின்று கீழே பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அப்பாவுக்குத் தூரம் என்றால் மாடிதான். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஒரு பதினஞ்சு மாடி இருக்கும்" என்பார். படுத்துக் கிடக்கும் ரோட்டை மனசுக்குள் நிமிர்த்தி வைத்துத்தான் அவரால் அளக்க முடியும். சத்தமும் அப்படித்தான். எந்த மோட்டார் இருமினாலும் ஸ்குரூடிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் அவரிடம் உடம்பைக் காட்டிக்கொள்ள வந்துவிட்டன. சுண்டெலிக்கு வயிற்று வலி என்றாலும் அதே ஸ்குரூடிரைவர்தான். பிடியை அவள் வயிற்றில் வைத்து, நுனியைத் தன் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். "காத்துதான் சிஸ்டர், பயப்படாதே" என்பார். அம்மா நம்பாமல் ஸ்டெதஸ்கோப்பை வைப்பாள். பெரும்பாலும் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

சிஸ்டர் என்பது அம்மா. ஆஸ்பத்திரி லிப்டில் அம்மா மாட்டிக்கொண்ட அன்று, அப்பா மேலே இருந்து தலையை நீட்டி, "பயப்படாதீங்க சிஸ்டர், இதோ வந்துட்டேன்" என்றாராம். அறிமுகம் அதுதான். அப்புறம் காதல், கல்யாணம், மூன்று பிள்ளை. கூப்பிடுகிற வார்த்தை மட்டும் மாறவே இல்லை. அம்மாவுக்கே அது இப்போது பழகிவிட்டது. எப்போதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "என்ன தப்பு பண்ணினீங்க?" என்று கேட்கிறாள்.

கம்பெனியிலிருந்து அப்பா ஒரு போர்டையும் கொண்டுவந்திருந்தார். 'பழுது பார்க்கப்படுகிறது. சிரமத்திற்கு மன்னிக்கவும்.' சுண்டெலியைக் குளிப்பாட்டும்போது அது குளியலறைக் கதவில் தொங்கும். சமைக்கும்போது அடுப்படி வாசலில் தொங்கும். ஒருநாள் அது அப்பாவின் சட்டை முதுகில் தொங்கியது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை விசாரணை முடியவில்லை. அவர் கடைவரை போய், முட்டை வாங்கி, வழியில் மூன்று பேரிடம் நின்று பேசிவிட்டு வந்தார். கடைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டு, சீக்கிரம் சரியாயிடும் சார் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன், எதுக்கு அப்படிச் சொன்னான்னு தெரியலையே என்று அப்பா அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பயம் இருந்தது. நாற்பது மாடிப் பள்ளத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிறவர், சமதரையில் நடுங்கினார். ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வாசல் ஒன்று, ஜன்னல்களுக்குக் கம்பி. பிள்ளைகள் எந்த வழியாக விழலாம் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு எல்லாப் பக்கமும் வாசல். முன்னால் டிராக்டர் போகும் பாதை. பக்கத்தில் விறகுக் குவியல், அதற்குள் என்னென்ன இருக்கிறதோ. பின்னால் சரிவாக இறங்கி, வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். "மேல ஒரே ஒரு ஓட்டைதான் இருந்துச்சு சிஸ்டர். அதைப் பார்த்துக்கிட்டா போதும். இங்க சுத்திலும் ஓட்டை" என்றார் அம்மாவிடம். வக்கீலாவது சொன்னால் நிற்பான். கேள்வி கேட்பதற்காகவாவது நிற்பான். சுண்டெலி நிற்க மாட்டாள்.

அதனால் அப்பா தனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியத்தைச் செய்தார். பள்ளத்தில் இறங்கும்போது தான் போட்டுக்கொள்ளும் பழைய பெல்ட்டை வெட்டி, செருப்புத் தைக்கிற ஊசியால் நாலு நாள் உட்கார்ந்து தைத்து, சுண்டெலியின் அளவுக்குச் சுருக்கினார். தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் ஒன்று, முதுகில் கொக்கி. கொக்கியில் கயிறு. கயிற்றின் மறுமுனை அடுப்படி ஜன்னல் கம்பியில். வாய்க்காலுக்கு இரண்டு கை தூரம் இருக்கும்போதே நின்றுவிடும்படி அதன் நீளத்தை அளந்து வெட்டியிருந்தார். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். இருக்கியா என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இழுப்பு வந்தால், இருக்கேன். பள்ளத்துக்குள் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று பேசிக்கொள்ளும் பாஷை அது. சுண்டெலி ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் ஆடு வளர்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஆட்டுக்காரம்மா என்போம். அவர் முதல் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, புள்ளைய எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீங்க? கடிக்குமா?"

கடிக்கும் என்பதுதான் உண்மை. ஆனால் அப்பா அந்தக் கேள்வியையே காதில் வாங்கவில்லை. வேலி வரைக்கும் போய், கொக்கியின் திருகுப் பூட்டைத் திறந்து மூடிக் காட்டி, முகமெல்லாம் பெருமையாக, "பயப்படாதீங்கம்மா, எண்ணூறு கிலோ தாங்கும்" என்றார்.

ஆட்டுக்காரம்மா சுண்டெலியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். தன் ஆடுகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவை எல்லாம் அவிழ்த்துவிட்டபடியே மேய்ந்துகொண்டிருந்தன.

பேச்சு சுகாதார நிலையத்துக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் அம்மாவிடமே துக்கம் விசாரித்திருக்கிறார்கள். உங்க வீட்டுக்காரர் பொண்ணைக் கன்னுக்குட்டி மாதிரிக் கட்டி வெச்சிருக்காராமே, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. அன்று சாயங்காலம் அம்மா வந்து, கை கழுவி, உட்கார்ந்து, அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஊசி குத்துவதற்கு முன்னால் அவளிடம் ஓர் அமைதி வரும். அது வந்தது.

"ஒண்ணு, அவளை அவுத்து விடுங்க. இல்லைன்னா என்னையும் பக்கத்துல சேர்த்துக் கட்டிடுங்க. எப்படியும் ஒரே பேர்தான் வாங்கப்போறோம்."

அவிழ்த்துவிட்டால் தன்னால் அடுப்பு பற்றவைக்கக்கூட முடியாது, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அப்பா. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் பிள்ளைகளைக் கண்ணால் கட்டிப் போட்டா வளர்க்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். அவங்களுக்கெல்லாம் எது எங்க இருக்குன்னு தெரியும், எனக்குத் தெரியாதே என்று அப்பா மெதுவாகச் சொன்னார். பெல்ட் போடுவது தொடர்ந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் உச்சி. மற்றவர்களுக்கு அது தொல்லை; அப்பாவுக்கு விருந்து. ஏணியில் கிடுகிடுவென்று ஏறி, விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசுவார். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்க மாட்டார். அன்று சீக்கிரமே இறங்கிவிட்டார். விடுப்பு போதும், வருகிறாயா இல்லையா, திங்கட்கிழமைக்குள் சொல் என்று கேட்டிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது அப்பா தன் திட்டத்தைச் சொன்னார். சின்னவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவர் நகரத்துக்குப் போய்விடுவார். அத்தை வீடு ஏழாவது மாடி. எல்லா ஜன்னலுக்கும் கம்பி இருக்கிறது. நான் அம்மாவுக்குத் துணையாக இங்கே இருக்க வேண்டும். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அங்கேயும் இங்கேயுமாக வந்து போய்க்கொள்ளலாம். இங்கே பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் தன்னால் தாங்க முடியாது என்றார். அம்மா சுண்டெலிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை பாதி வழியில் நின்றது. சுண்டெலி வாயைத் திறந்தபடி காத்திருந்து, கடைசியில் தானே எட்டி அந்த விரலைக் கடித்தாள்.

வக்கீல்தான் பேசினான்.

"அப்ப நான் யார்கூட?"

"என்கூடடா."

"அக்கா?"

"அம்மாகூட."

"அப்ப எனக்கு யாரு கெட்ட வார்த்தை சொல்லித் தருவா?"

அன்றைக்கு யாரும் அதற்காக என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை நாள். அப்பா அடுப்படியில் இருந்தார், போர்டு வாசலில் தொங்கியது, சுண்டெலி பின்புறம் கயிற்றில் இருந்தாள். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். திருகினால் திறக்கும், க்ளிக் என்று கேட்டால்தான் பூட்டியதாக அர்த்தம் என்று அப்பாவே அவனுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆட்டுக்காரம்மாவின் கறுப்புக் குட்டி வேலிச் சந்து வழியாக வந்து நின்றது. யோசனை யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. பெல்ட் ஆட்டுக்குட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. க்ளிக் என்று கேட்டது.

அடுப்படியிலிருந்து இரண்டு இழுப்பு வந்தது. குட்டி திமிறி ஏழெட்டு இழுப்பாகத் திருப்பிக் கொடுத்தது. "பாரேன், நம்ம சுண்டெலிக்குக் கையில என்ன பலம் வந்திருக்கு" என்று உள்ளே அப்பாவின் குரல். எண்ணெய் சடசடக்கும் சத்தத்துக்கு மேலே குட்டி ஒரு தடவை கத்தியது. எந்த மோட்டாரின் இருமலையும் கண்டுபிடித்துவிடும் அந்தக் காது கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. "அம்மாவா? அம்மா சாயங்காலம் வந்துருவாடா கண்ணு" என்றார். வக்கீல் சிரிப்பை அடக்க என் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டான்.

சுண்டெலி அதற்குள் கிளம்பிவிட்டாள். கயிறு இல்லாத உடம்பு அவளுக்கே புதிதாக இருந்தது போல. இரண்டு அடி நடப்பாள், பின்னால் திரும்பித் தன் முதுகைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். நேராகப் போகவில்லை. எறும்பு வரிசையோடு கொஞ்ச தூரம், ஆட்டுப் புழுக்கையை எண்ணிக்கொண்டு கொஞ்ச தூரம், ஒரு கல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச தூரம். அப்படியே புதர் ஓரமாகச் சுற்றி வாய்க்கால் பக்கம் இறங்கினாள். நானும் வக்கீலும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பின்னாலேயே போனோம். காற்று வாங்கத்தான்.

அப்பா அப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். புதருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. பெல்ட்டுக்குள் ஆட்டுக்குட்டி நின்று தோள்பட்டையை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். ஆட்டை ஒரு கணம்தான் பார்த்தார். கையில் இருந்த கரண்டியோடு சரிவில் ஓடி வந்தார். அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாய்க்கால் கரையில் நிற்கவில்லை. குனியவில்லை. பார்க்கவில்லை. அப்படியே குதித்தார்.

தண்ணீர் அவருக்கு இடுப்பளவு. கலங்கிய தண்ணீர். முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, தண்ணீரில் கன்னம் உரச, இரண்டு கையையும் அடியில் விட்டுத் துழாவிக்கொண்டே வந்தார். இருட்டுப் பள்ளத்தில் விழுந்த நட்டைத் தேடுகிற மாதிரி, ஒரு அங்குலம் விடாமல். சத்தமே இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் உடனே கத்தியிருப்பேன். வக்கீல் என் கையைப் பிடித்தான்.

சுண்டெலி கரைக்கு வந்தாள். விளிம்பு தெரிந்ததும் நின்றாள். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துக்கொண்டு, வயிறு மடங்கக் குனிந்து, கீழே பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பெட்டி இல்ல."

தண்ணீருக்குள் இருந்த கை நின்றது.

"அப்பா, பெட்டி இல்ல" என்றாள் மறுபடியும், கொஞ்சம் கண்டிப்பாக. "நீ பாக்கல."

அப்பா திரும்பினார். மீசையிலிருந்து சேறு ஒழுகியது. அடிப்பார் என்று நினைத்தேன், யாரையாவது, எங்களில் ஒருவரையாவது. அவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்து, தண்ணீரில் நின்றபடியே சுண்டெலியின் கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய நெற்றி அவளுடைய முழங்காலில் இருந்தது.

"நீ ஏம்மா நின்னே?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பெட்டி இல்லல்ல" என்றாள் சுண்டெலி. இதுகூடத் தெரியாதா என்கிற குரல். பிறகு காலை உதறி, "விடு. ஆடு எங்க?" என்றாள்.

இதெல்லாம் நல்ல வேடிக்கை என்று எனக்கு மறுநாள்தான் தோன்றியது.

ஆட்டுக்காரம்மா குட்டியைத் தேடிவந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால், செய்தி அம்மாவுக்கு முன்பே போய்விட்டது. வெள்ளைச் சீருடையோடு, டூட்டி முடியும் முன்பே வந்துவிட்டாள். நானும் வக்கீலும் சுவரோடு சுவராக நின்றோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் முறை பிற்பாடு வரும் என்று அர்த்தம், வந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"ம்" என்றாள்.

அப்பா படியில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் இருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சீருடையோடு அவள் எங்கேயும் உட்கார மாட்டாள், அழுக்காகிவிடும்.

"திங்கட்கிழமை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் தடுக்கல. ஆனா நான் டூட்டி முடிஞ்சு வரும்போது ரோட்டு முனையிலேயே இந்த வீட்டுச் சத்தம் கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டேதான் மிச்ச தூரம் நடப்பேன். சத்தமில்லாத வீட்டுக்கு எனக்கு நடந்து வரத் தெரியாதுங்க."

அப்பா குச்சியைக் கீழே போட்டார். ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே வக்கீல் சுண்டெலியைத் தள்ளிவிட, அவள் அவனைக் கடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து ஓடு பிய்ந்து போகிற மாதிரி அலற, அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

திங்கட்கிழமை அப்பா தொட்டி மேல் ஏறினார். என்னை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு ஏணி பிடிக்க ஆள் தேவைப்பட்டதே இல்லை. அந்தப் பக்கம் சூப்பர்வைசர் பேசுவது கேட்கவில்லை. அப்பா பேசியது எல்லாம் கேட்டது.

"இல்ல சார், வர முடியாது போல... இல்ல சார், சம்பளத்துக்காக இல்ல. இங்க மூணு லிப்ட் கைவசம் இருக்கு... ஆமா சார், இங்கதான். ரெண்டு புதுசு. அதுல ஒண்ணு நல்லா நிக்கிது சார், நான் பயந்த மாதிரி இல்ல. நிக்க வேண்டிய இடத்துல நிக்கிது... இன்னொண்ணா? அது பழசு. பழசுன்னா ரொம்பப் பழசு இல்ல. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு மேலயும் போகாது, கீழயும் வராது. அடிக்கடி தப்பான பட்டன் வேற அமுக்கி விடும்... சேச்சே, அதைத் தூக்கிப் போட முடியுமா சார். மோட்டார் நல்ல மோட்டார். பக்கத்துல ஆள் இருந்தா போதும், தானா கிளம்பிடும்."

ஏணி கொஞ்சம் ஆடியது. அன்று காற்று அதிகம்.

"என்ன மேனேஜர், பிடிச்சுக்கச் சொன்னா உலுக்குறே?" என்று இறங்கிக்கொண்டே கேட்டார். தூசி விழுந்துவிட்டது என்றேன். கண்ணைக் கழுவிட்டு வா, பம்புசெட்டு ஒண்ணு பார்க்கணும், டார்ச் பிடிக்க ஆள் வேணும் என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சும்மா கிடக்கிற அந்தக் கயிற்றைக் கொடுங்களேன், குட்டி நல்லாப் பழகிருச்சு என்று ஆட்டுக்காரம்மா வேலியோரம் வந்து கேட்டார். அப்பாவுக்கு மனம் வரவில்லை. "அது ஆள் தொங்குற கயிறும்மா, அதுல ஆடு கட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆட்டுக்காரம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

நேற்று மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு அப்பா பின்புறச் சரிவுக்கு வந்தார். சுண்டெலியைத் தரையில் விட்டார். அவள் உடம்பில் சட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. "நான் கொஞ்சம் தூங்கப்போறேன், யாரும் எழுப்பக்கூடாது" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, புல்லில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். சுண்டெலி அவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள், காது மடலைத் தொட்டாள், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவளுடைய காலடி சரிவில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா அசையவில்லை. மூச்சுகூடத் தூங்குகிறவர் மாதிரிதான் வந்தது. இமைகள் மட்டும் சுருக்கம் விழ இறுகியிருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக் கிடந்த இரண்டு கைகளும் கொத்துக் கொத்தாகப் புல்லைப் பற்றியிருந்தன, விரல் முட்டிகள் வெளுக்க.